ஆபீஸ் வேலை அன்றன்றே முடிகிறது, அப்பா பெயரில் உள்ள பட்டா மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது?

கேட்டவருக்கு 36 வயது, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கும் வீட்டு மனையின் பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் எழுதியதன் சுருக்கம்: "ஆபீசில் எந்த வேலையையும் நிலுவையில் விடுவதில்லை. பட்டா மாற்றுவது, பல் டாக்டரைப் பார்ப்பது மாதிரி சொந்த வேலைகள் மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே போகின்றன. அம்மா நினைவுபடுத்தினால் எரிச்சல் வருகிறது. ஊரில் கல்யாணமாகி இருக்கும் அக்காவும் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன், செயலிகள் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. நான் அடிப்படையில் சோம்பேறியா?"

இல்லை. சோம்பேறியாக இருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். சோம்பலில் இருப்பவருக்கு வேலை செய்யாதது உறுத்தாது. தள்ளிப்போடுபவருக்கோ வேலையும் நடக்காது, ஓய்வும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே எங்கோ 'பட்டா' என்று ஒரு முள் குத்திக்கொண்டிருக்கும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் 2007-ல் இத்துறை ஆய்வுகளை எல்லாம் திரட்டி ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டார். தாமதத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும், செய்ய நினைத்த வேலையை நாமாகவே தாமதப்படுத்துவது என்பது அவர் தரும் வரையறை. 'தெரிந்தும்' என்பதுதான் அதில் முக்கியம். அதனால்தான் தள்ளிப்போடுவதன் தீமைகளைப் பட்டியல் போட்டுச் சொல்கிற அறிவுரைகள் எதுவும் வேலை செய்வதில்லை. உங்களுக்குத் தெரியாத எதையும் அவை சொல்வதில்லையே.

முதலில் கணக்குப் பக்கத்தைப் பார்ப்போம். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இளம் வயதில் ஒரு வருடம் இந்தியாவில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் தன் துணிகள் அடங்கிய ஒரு பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் அலுவலக நடைமுறையையும் இந்த மாதிரி வேலைகளில் தனக்கிருந்த திறமைக்குறைவையும் வைத்துப் பார்த்தால் முழுசாக ஒரு நாள் போய்விடும் என்று ஏகர்லாஃப் கணக்குப் போட்டார். எட்டு மாதத்துக்கும் மேலாகத் தினமும் காலையில் எழுந்து, 'நாளைக்கு அனுப்பிவிடலாம்' என்று முடிவெடுத்தார். கடைசியில் வேறொரு நண்பர் அனுப்பிய பெரிய சரக்கோடு சேர்ந்துதான் அந்தப் பெட்டி போனது. 1991-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை அவரே விவரித்து, காரணத்தையும் அலசியிருக்கிறார். பத்து வருடம் கழித்து, 2001-ல், இந்த இருவரும் மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவரோடு சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு வாங்கினார்கள். ஆகவே புத்தி போதவில்லை என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஏகர்லாஃப் கண்டது இதுதான். இன்று அனுப்பினால் ஆகும் தொல்லை கண் முன்னே நிற்கிறது. ஒரு நாள் தள்ளினால் வரும் நஷ்டமோ மிகச் சின்னது. எந்த நாளை எடுத்தாலும், அன்றைக்கு 'நாளை' என்பதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். அப்படி எட்டு மாதத்தைக் கூட்டினால் முட்டாள்தனம். உங்கள் கதையும் இதுவே. பட்டா மாற்றவே வேண்டாம் என்று எந்த நாளும் நீங்கள் முடிவெடுக்கவில்லை. இன்று வேண்டாம் என்று மட்டும்தான் முடிவெடுத்தீர்கள், அதைத் தினமும் எடுத்தீர்கள்.

இதே நீங்கள் வருமான வரிக் கணக்கை வருடா வருடம் தாக்கல் செய்துவிடுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் எரிச்சலூட்டும் காகித வேலைதான். ஆனால் அதற்கு ஒரு கெடு தேதி உண்டு, தாண்டினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் உண்டு. அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் உடனே வாங்கியிருப்பீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சுற்றி நாலு பேர் சொல்லவும் சொல்வார்கள். பட்டாவுக்கு அப்படித் துரத்துகிற தேதி எதுவும் இல்லை. ஆபீசில் தினமும் காலையில் 'அது என்னாச்சு?' என்று கேட்க டீம் லீடர் இருக்கிறார். வாழ்க்கையில் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவரும் வேலைகள் பெரும்பாலும் கெடு இல்லாதவையே. உயில் எழுதுவது, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கில் நாமினி போடுவது எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் கெடு இல்லாததே முழுக் காரணம் என்றால், கெடு இல்லாத இன்ப வேலைகளையும் தள்ளிப்போட்டிருப்போம். புது போனைப் பற்றி மூன்று மணி நேரம் வீடியோ பார்க்க யாரும் கெடு வைப்பதில்லை. இங்கேதான் உணர்ச்சிப் பக்கம் வருகிறது. என் பார்வையில் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட குழு 2001-ல் ஒரு அழகான பரிசோதனையை வெளியிட்டது. கணிதத் தேர்வு இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லிப் பயிற்சிக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அறையில் கவனத்தைத் திருப்பும் பொருட்களும் இருந்தன. மனம் சோர்ந்திருந்த மாணவர்கள், சுவாரசியமான பொருள் இருந்தால், பயிற்சியை விட்டுவிட்டு அதில் இறங்கினார்கள். ஆனால் சிலரிடம் மட்டும், 'இந்த மெழுகுவர்த்தி வாசனையால் உங்கள் மனநிலை இப்போதைக்கு மாறாது' என்று ஒரு பொய் சொல்லி நம்ப வைத்திருந்தார்கள். அவர்கள் அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. எதைச் செய்தாலும் மனசு தேறப்போவதில்லை என்றால், விளையாடி என்ன லாபம்? பேசாமல் கணக்கையே போடலாம். தள்ளிப்போடுவது மனசைத் தேற்றிக்கொள்ளும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஃபியூஷா சிரோய், டிமதி பிச்சில் இருவரும் 2013-ல் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார்கள்: உடனடி நிம்மதிக்காக எதிர்கால நன்மையை விட்டுக்கொடுக்கிறோம் என்று.

அந்த நிம்மதி நிஜமானது என்பதுதான் சிக்கல். 'சரி, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கலாம்' என்று சொன்ன கணத்தில் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருக்கும். மனசு அதைக் கூலியாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதையே செய்யும். காலை 5 மணிக்கு எழுந்தது ஏன் உதவவில்லை என்று இப்போது புரியும். உங்களுக்கு நேரப் பஞ்சம் இல்லை. சீக்கிரம் எழுந்ததால் தள்ளிப்போட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, பட்டா என்றதும் உங்களுக்குள் கிளம்புவது என்ன? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். என் ஊகத்தைச் சொல்கிறேன். பீரோவைத் திறந்தால் அப்பாவின் கையெழுத்தோடு பழைய ரசீதுகள் இருக்கும். ஒவ்வொரு படிவத்திலும் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுத வேண்டியிருக்கும். தாலுகா ஆபீஸ் என்றால் 'போயிட்டு நாளைக்கு வாங்க' என்பார்களோ, யாராவது கையை நீட்டுவார்களோ என்ற பயம். இதெல்லாம் போக இன்னொன்று. அக்காவிடம் பங்கைப் பற்றிப் பேச வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார் என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கென்னவோ முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. சொத்து விவகாரத்தில் வருடக்கணக்கான தாமதங்கள் பலவற்றுக்கு அடியில் காகிதத்தைவிட இப்படி ஒரு பேசாத பேச்சுதான் கிடக்கும்.

அப்படியானால் அதைப் பிரித்து வையுங்கள். பட்டா மாற்றுவதற்கு யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்க வேண்டியதில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயிலும் இல்லை என்றால், ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வாரிசுகள் எல்லோர் பெயரிலும் உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம். பாகம் பிரிப்பதோ, ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதோ பிறகு வேண்டுமானால் வரும் தனி வேலை. எனவே அக்காவிடம் நீங்கள் பேச வேண்டியது பங்கு பற்றி இல்லை. 'அக்கா, நம்ம எல்லார் பேர்லயும் கூட்டுப் பட்டாவா மாத்திடலாம்னு இருக்கேன், உன் ஆதார் நகல் வேணும்' என்பது மட்டும்தான். இரண்டு வருடமாகப் பயந்த உரையாடல் இப்போது ஒரு போன் அழைப்பு.

அடுத்து, 'பட்டா மாற்றணும்' என்று செயலியில் எழுதி வைத்தீர்களே, அது ஒரு வேலையே இல்லை. ஏழெட்டு வேலைகளின் மூட்டை. மூட்டையை யாராலும் செய்ய முடியாது, அதைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விடலாம். பிரித்தால் இப்படி வரும்: பீரோவிலிருந்து இறப்புச் சான்றிதழ், பழைய பட்டா, மூலப் பத்திரம் மூன்றையும் எடுத்து ஒரே உறையில் போடுவது. வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோமா என்று அம்மாவிடம் கேட்பது. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் அதற்கு விண்ணப்பிப்பது, வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு தாசில்தார் அதை வழங்குவார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுப்பது. அப்புறம்தான் பட்டா மாறுதல் விண்ணப்பம். இதில் முதல் வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது, வீட்டை விட்டு வெளியே போகவும் வேண்டாம். இந்த வாரத்துக்கு உங்கள் வேலை அது ஒன்றுதான். மற்றவற்றை யோசிக்கவே வேண்டாம் என்று சொல்வேன்.

அதையும் எப்போது, எங்கே என்று எழுதி வையுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகா ஒருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவையானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும் நேரம், யார் எழுதுவார்? பாதிப் பேரிடம் மட்டும் எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்து வைக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆர்வம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அந்த நேரம் வந்ததும் 'இப்பவா, அப்புறமா' என்று மறுபடி விவாதம் நடத்த வேண்டிய தேவை குறித்தவர்களுக்கு இல்லாமல் போயிற்று. 'சனிக்கிழமை பார்க்கலாம்' என்பது திட்டம் இல்லை. 'சனிக்கிழமை காலை டிபன் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராகப் பீரோ இருக்கும் அறைக்குப் போவேன்' என்பது திட்டம். ஏற்கனவே தினமும் நடக்கிற ஒரு செயலோடு கோத்துவிடுவது, கடிகார நேரத்தைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் தள்ளிப்போடுபவருக்கு நாட்காட்டியே பெரிய துணை. ஆடி போகட்டும், அஷ்டமி நவமி வேண்டாம், செவ்வாய்க்கிழமை எதற்கு, பொங்கல் முடியட்டும் என்று வருடம் முழுக்க நியாயமான காரணம் தயாராக இருக்கும். நான் நல்ல நாள் பார்ப்பதைக் கிண்டல் செய்யவில்லை. வாரத்தின் முதல் நாள், மாதப் பிறப்பு, பிறந்தநாள் போன்ற தொடக்கங்களில் மக்கள் புது முயற்சிகளில் கூடுதலாக இறங்குகிறார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. நம்பிக்கை இருந்தால் நாள் பாருங்கள். ஆனால் 'நல்ல நாளில் செய்யலாம்' என்று நிறுத்தாமல், காலண்டரைக் கிழித்துப் பார்த்து எந்த நாள் என்று இப்போதே சொல்லுங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறார்களே தவிர, பட்டா பிறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா நினைவுபடுத்தினால் எரிச்சல் வருவதும் இந்தக் கதையில்தான் அடக்கம். வேலையைச் சுற்றி ஏற்கனவே சங்கடம் இருக்கிறது. ஒவ்வொரு நினைவூட்டலும் அதன் மேல் குற்றவுணர்ச்சியை ஒரு பூச்சு ஏற்றுகிறது. வேலை இன்னும் கசக்கிறது, இன்னும் தள்ளுகிறீர்கள். அம்மாவிடம் 'நீங்க கேட்காதீங்க, கூட வாங்க' என்று சொல்லிப் பாருங்கள். பீரோவைத் திறக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எந்தப் பத்திரம் எங்கே என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். இருவரும் கொஞ்சம் அழுவீர்களாக இருக்கும். அழுதுவிட்டுத் தேடுங்கள். இ-சேவை மையத்துக்குப் போகும் நாளில் மச்சானையோ நண்பரையோ வரச் சொல்லுங்கள். ஒருவரை வரச் சொல்லிவிட்டால் நாம் போகாமல் இருக்க முடியாது. ஆபீசில் உங்களை ஓட வைக்கும் அதே விசை இங்கேயும் கிடைத்துவிடும்.

இரண்டு வருடம் போய்விட்டதே என்று உங்களைத் திட்டிக்கொள்வதையும் நிறுத்தலாம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். கண்டிப்பாக இருந்தால்தான் திருந்துவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நம்ப வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. திட்டத் திட்ட அந்த வேலையை நினைப்பதே வலிக்கும், வலித்தால் விலகத்தான் தோன்றும்.

வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு சமாதானங்களைப் பற்றிச் சுருக்கமாக. 'கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நல்லா வேலை ஓடும்' என்பது ஒன்று. டைஸும் பாமைஸ்டரும் 1997-ல் மாணவர்களைப் பருவம் முழுவதும் கவனித்தார்கள். தள்ளிப்போட்டவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகத்தான் இருந்தார்கள். பருவ முடிவில் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அவர்களுக்கே அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. 'நான் எதையும் கச்சிதமாகச் செய்யணும்னு நினைப்பவன், அதான் தாமதம்' என்பது இன்னொன்று. ஸ்டீலின் தொகுப்பாய்வில் முழுமை வேட்கைக்கும் தள்ளிப்போடுதலுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தென்படவில்லை. வேலையின் மேல் உள்ள வெறுப்பும், சட்டென்று வேறு பக்கம் தாவும் சுபாவமும்தான் வலுவாகத் தொடர்புபட்டிருந்தன.

எல்லாத் தாமதமும் தப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்று வள்ளுவரே ஆற அமரச் செய்ய வேண்டியவற்றுக்கு அனுமதி கொடுக்கிறார். கோபத்தில் எழுதிய மின்னஞ்சலை இரவு அனுப்பாமல் வைப்பது, மனையை விற்பதா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசிப்பது இதெல்லாம் நல்ல தாமதம். எது எது என்று பிரிக்க எளிய வழி உண்டு. எதற்காகக் காத்திருக்கிறேன், எது நடந்தால் செய்வேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது முடிவு. சொல்ல முடியாவிட்டால் அது நழுவல்.

இன்னொரு எச்சரிக்கை. ஆபீஸ் வேலை, குளியல், சாப்பாடு, நண்பர்களின் போனை எடுப்பது என எல்லாமே தள்ளிப்போக ஆரம்பித்து, முன்பு பிடித்திருந்தவற்றிலும் ஆர்வம் போய், அது வாரக்கணக்கில் நீடித்தால் நான் மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்பாவை இழந்த துக்கம் அப்படி உருமாறுவதும் உண்டு. சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், எல்லா வேலையும் பாதியில் நின்றுபோகிறது என்றால் அது கவனக்குறைவுக் கோளாறாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த நிலை என்று தோன்றவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விடக்கூடாது.

பல் விஷயத்துக்கு மட்டும் வேறு ஆலோசனை. பட்டா ஒரு வாரம் தாமதமானால் அது அதே பட்டாதான். பல் சொத்தை அப்படி இல்லை. மேலே இருக்கும்வரை அடைத்தால் போதும், ஒரே அமர்வில் முடிந்துவிடும். உள்ளே நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை, அதற்கு மேல் உறை என்று செலவும் வலியும் பல மடங்கு. அதற்குப் பட்டியல், பிரித்துப் பார்த்தல் எதுவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் போனை எடுத்து நேரம் வாங்குங்கள். கூப்பிடும்போது, 'ஊசி என்றால் பயம், முதல் தடவை பார்த்து மட்டும் சொல்லுங்கள்' என்றும் சொல்லிவிடலாம். பல் மருத்துவர்கள் அதைத் தினமும் கேட்கிறவர்கள்தான்.